கேக் அக்காவின் இரண்டாவது ஓவன்

அந்த நாற்காலி வேண்டாம் ஐயா, அதன் பின்கால் கொஞ்சம் ஆடும். இதில் உட்காருங்கள். மின்விசிறிக் காற்று நேராக வரும். உங்கள் தாள்கள் பறக்காமல் இருக்க இந்தப் பூட்டை மேலே வைத்துக்கொள்ளுங்கள். இது சாவிக்காரர் எனக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. அவரும் என்னிடம்தான் கணக்குக் கொடுக்கிறார். அதாவது, போன மாதம் வரைக்கும் கொடுத்தார்.

நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், எதையும் மறைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. என் அலுவலகம் என்பது இந்த முன்னறைதான். அந்தத் திரைக்குப் பின்னால் சமையலறை, நடுவில் கதவுகூடக் கிடையாது. இத்தனை வருடங்களாக நான் இங்கே பேசியதெல்லாம் அங்கே என் மனைவிக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். இப்போதும் கேட்கும். கேட்டால் கேட்கட்டும்.

சொந்தத் தொழில் செய்கிறவர்கள், சின்னதாகக் கடை போட்டிருப்பவர்கள், இவர்களுக்கெல்லாம் வருடாந்திர வரிக் கணக்கு எழுதித் தாக்கல் செய்வது என் வேலை. உங்களைப் போன்ற வரி அதிகாரிகள் கணக்கைக் கடைசியில், சுத்தமாக அச்சடித்த பிறகுதான் பார்க்கிறீர்கள். அது என்னிடம் எந்தக் கோலத்தில் வருகிறது என்று உங்களுக்குத் தெரியாது. குழாய் வேலை செய்பவர் ரசீதுகளை ஈரத்தோடு ஒரு பிளாஸ்டிக் பையில் கொண்டுவருவார். நான் அவற்றை இந்தக் கொடியில் காயப்போடுவேன். முடிவெட்டுகிறவர் கொண்டுவருவதை மேசையில் கொட்டுவதற்கு முன் வெளியே போய் ஒருமுறை ஊதவேண்டும். கேக் அக்கா கேக் பெட்டியிலேயே கொண்டுவருவார். மாவு விலை எவ்வளவு என்று பார்க்க, முதலில் அதன்மேல் இருக்கும் க்ரீமைச் சுரண்டவேண்டும்.

இவர்களோடு பழகிவிட்டால் விட மனசு வராது ஐயா. வருடம் முழுவதும் நான் அந்த ஒரு பருவத்துக்காகத்தான் காத்திருப்பேன். வருவார்கள், அந்த ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து குடும்பக் கதை முழுவதும் சொல்வார்கள், நான் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுவைத்த இடத்தில் கையெழுத்துப் போடுவார்கள். யாரும் படிக்க மாட்டார்கள். "நீங்க இருக்கும்போது எங்களுக்கு என்ன கவலை?" என்பார்கள். இந்த வாக்கியத்தைக் கேட்பதில் ஒரு சுகம் இருக்கிறது. உங்கள் வேலையில் இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எல்லாம் தச்சரால் வந்தது. வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டே பேசுகிற மனிதர். ஆணியை எடுங்கள் என்றால், எடுத்தால் பேச்சு மறந்துவிடும் என்பார். அவருக்கு நான் ஒழுங்காக, உள்ளதை உள்ளபடி கணக்கு எழுதினேன். அதைப் பார்த்து வங்கி கடன் கொடுத்தது. பட்டறை கடையானது, கடை பெரிய காட்சிக்கூடமானது. ஒருநாள் கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கும் ஒரு தணிக்கை நிறுவனத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. பழைய கோப்புகளை அனுப்பிவைக்கவும், இப்படிக்கு, அவ்வளவுதான். பிறகு அவரைத் தெருவில் பார்த்தேன். வாயில் ஆணி இல்லை. ஆனாலும் பேசவில்லை. தொலைபேசியில் யாரையோ திட்டிக்கொண்டே காரில் ஏறிப் போய்விட்டார். முகமெல்லாம் வீங்கியிருந்தது.

எனக்கு மனசே சரியில்லை. நன்றாக இருந்த மனிதரை நான்தானே இப்படி ஆக்கினேன் என்று தோன்றியது. இனி என்னிடம் வருகிற யாருக்கும் இந்தக் கதி வரக்கூடாது என்று அன்றைக்கே தீர்மானித்தேன். அந்தத் தீர்மானத்தில் இன்றுவரை நான் தவறியதில்லை.

இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. லாபத்தைக் குறைத்துக் காட்டினால் வரி குறையும். அது எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் கடன் கேட்டுப் போனால் வங்கியும் அதே தாளைத்தான் பார்க்கும். லாபம் இல்லை என்றால் கடன் இல்லை. கடன் இல்லை என்றால் இரண்டாவது கடை இல்லை. அவர் அடுத்த வருடமும் இந்த நாற்காலிக்கே வந்து உட்காருவார், வரி குறைந்ததற்கு எனக்கு நன்றியும் சொல்வார்.

முடிவெட்டுகிறவருக்கு இரண்டாவது நாற்காலி போட்டு ஆள் வைத்துக்கொள்ள ஆசை. இன்னும் ஒரே நாற்காலியோடு தன் கால்களில்தான் நிற்கிறார், நரம்பு புடைத்த கால்கள். குழாய் வேலை செய்பவர் ஒரு சின்ன வேன் வாங்க அலைந்தார். இன்னும் சைக்கிளில்தான் குழாய்களைக் கட்டிக்கொண்டு போகிறார். அவருக்கு முதுகுவலி வந்தபோது தைலம் வாங்கிக் கொடுத்தது நான்தான். அதை அவர் செலவில்கூட எழுதவில்லை, என் கையிலிருந்து கொடுத்தேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். கூலியும் ஊரிலேயே குறைவாக வாங்குகிறவன் நான். பணத்துக்காகச் செய்தேன் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இப்போது கேக் அக்காவுக்கு வருகிறேன், நீங்கள் அதற்காகத்தானே வந்தீர்கள். பள்ளிக்கூடத்துக்கு எதிரே மூலைக் கடை காலியானது. அக்கா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு உள்ளே பார்ப்பாராம். மேசைகள் எங்கே, குழந்தைகள் உயரத்துக்கு அலமாரி எங்கே என்று எனக்கு அந்தக் கேக் பெட்டியின் மூடியிலேயே படம் போட்டுக் காட்டினார். அவர் கண்ணைப் பார்த்து எனக்குப் பயமாகிவிட்டது. தச்சர் கண்ணிலும் அந்தப் பளபளப்பைப் பார்த்திருக்கிறேன்.

அவர் தொழிலில் செலவு குறைவு, லாபம் எங்கே தொட்டாலும் மேலே வந்து நின்றது. வேறு வழி தெரியவில்லை. அக்காவுக்கு இரண்டாவதாக ஒரு ஓவன் வாங்கிக் கொடுத்தேன். கணக்கில்தான். நல்ல பெரிய ஓவன், இரட்டைக் கதவு. விலை போட்டேன், வருடா வருடம் பழசாவதற்கென்று தேய்மானச் செலவு போட்டேன். ஒரு வருடம் அதன் கதவுப் பிடி உடைந்தது, பழுதுபார்த்தேன். எலி ஒயரைக் கடித்தது, மாற்றினேன். உண்மையைச் சொன்னால் அந்த ஓவன்மேல் எனக்கே ஒரு பாசம் வந்துவிட்டது.

வங்கி மேலாளர் தாளைப் பார்த்துவிட்டு, "இந்த லாபத்துல இன்னொரு கடைக்கு எப்படிம்மா கடன் கொடுக்கிறது?" என்று கேட்டாராம். அக்கா நேராக இங்கேதான் வந்து அழுதார். மூலைக் கடையில் செல்போன் பழுதுபார்க்கிறவர் வந்து உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் கொடுத்தேன். "போகுதுண்ணே, வரியாவது மிச்சம் பண்ணிக் கொடுத்தீங்களே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அடுத்த நாள் எங்களுக்கு ஒரு கேக் அனுப்பினார். நானும் என் மனைவியும் சாப்பிட்டோம். நன்றாக இருந்தது.

நான் பிடிபட்டது என் நேர்மையால் என்றுதான் சொல்லவேண்டும். எந்த இயந்திரத்துக்கும் ஒரு ஆயுள் உண்டு. அந்த ஓவனுக்கு வயதாகிவிட்டது. இல்லாத பொருளை எத்தனை காலம்தான் கணக்கில் வைத்திருப்பது? முறைப்படி பழைய இரும்புக்கு விற்றுவிட்டேன். விற்ற பணத்தை அக்காவின் வருமானத்தில் காட்டினேன், அதற்கு வரியும் கட்டவைத்தேன். ஒருவர் விற்றால் இன்னொருவர் வாங்கியிருக்க வேண்டுமே. பழைய இரும்புக்காரரும் என்னிடம்தான் கணக்குக் கொடுக்கிறார். அவர் கணக்கில் அந்தக் கொள்முதலை எழுதினேன். இரண்டு பக்கமும் அப்படியே பொருந்தியது. அன்று எனக்கு இருந்த திருப்தியை உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

எழுதப் படிக்கத் தெரியாத இரும்புக்காரருக்கு மட்டும் கணக்கைப் படித்துக் காட்டுவது என் வழக்கம். அவர் எப்போதும் இரண்டாவது வரியிலேயே தூங்கிவிடுவார். இந்த வருடம் பார்த்து அவருக்குப் பல்வலி, தூக்கம் வரவில்லை. "இரட்டைக் கதவு ஓவன், கேக் கடையிலிருந்து" என்று நான் படித்ததைக் கேட்டுக்கொண்டார். தன் ஆட்கள் காசைக் கொடுத்துவிட்டு ஓவனை ஏற்ற மறந்துவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறார். மறுநாள் காலையில் தள்ளுவண்டி, கயிறு, இரண்டு ஆட்களோடு கேக் கடைக்குப் போய் நின்றுவிட்டார்.

"என்னோட ஓவனை எடுத்துட்டுப் போக வந்திருக்கேன்" என்றாராம். கடையில் இருப்பதோ ஒரே ஓவன், அதற்குள் ஒரு பிறந்தநாள் கேக் வெந்துகொண்டிருக்கிறது. அக்கா கரண்டியோடு குறுக்கே நின்றார். "எவன்யா உனக்கு வித்தது?" "நீங்கதாம்மா வித்தீங்க, கணக்குல இருக்கே." தெருவே கூடிவிட்டது. கேக் கருகிவிட்டது. கடைசியில் தள்ளுவண்டியை வாசலில் நிறுத்திவிட்டு இரண்டு பேரும் இங்கே வந்தார்கள்.

தட்டச்சில் தவறு நடந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருப்பார்கள். இருவருமே என்மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்திருந்தார்கள். ஆனால் என் கணக்கில் தவறு என்று என் வாயால் எப்படிச் சொல்வது? "கணக்கு சரியாகத்தான் இருக்கு. ஓவன்தான் இல்லை" என்றேன். இரும்புக்காரர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அந்த ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் கணக்கை முதல் வரியிலிருந்து படித்தார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு எழுந்து நேராக உங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மீதி உங்களுக்குத் தெரியும். விடுபட்ட வரியைக் கட்டச் சொன்னபோது, சந்தோஷமாகக் கட்டிய ஒரே ஆள் அவர்தான் என்று நீங்களே சொன்னீர்கள். திருத்திய கணக்கைப் பார்த்து வங்கி கடன் கொடுத்துவிட்டதாம். செல்போன்காரர் காலி செய்த மூலைக் கடை இப்போது அக்கா கையில். பாவம், இனி நிம்மதி போயிற்று.

வேறு யாராவது உண்டா என்று கேட்கிறீர்கள். உண்டு. உங்கள் கோப்பில் இல்லாத ஒருவர். சொல்ல ஆரம்பித்தபின் அரையும் குறையுமாகச் சொல்வது எனக்குப் பிடிக்காது.

கல்யாணமான புதிதில் என் மனைவி திரைச்சீலை தைத்து விற்றாள். பின்னறையில் ஒரு தையல் இயந்திரம். முதலில் பக்கத்து வீட்டுக்கு, பிறகு தெருவுக்கு, பிறகு ஒரு விடுதிக்காரர் தன் எல்லா அறைகளுக்கும் கேட்டார். சாப்பாடு நேரத்துக்கு வந்தது, அதில் குறை சொல்லமாட்டேன். ஆனால் பரிமாறும்போது அவள் கண் என் இலையில் இருக்காது, ஜன்னல் எத்தனை அகலம் என்று பார்த்துக்கொண்டிருக்கும். ஒருநாள், "என்னங்க, சின்னதா ஒரு கடை பார்க்கலாமா?" என்றாள். அவள் கணக்கையும் நான்தானே எழுதினேன். வீட்டு வாடகை முழுவதையும் அவள் செலவில் போட்டேன். மின்கட்டணம், என் தொலைபேசி, என் மூக்குக்கண்ணாடி. நஷ்டம் வந்தது. அவளிடம் காட்டினேன். கடைசி வரியை மட்டும் படித்தாள். எழுதியது நான் என்பதால் மேலே பார்க்கவில்லை. ரொம்ப நேரம் அழுதாள். "விடும்மா, நான் இருக்கேன்ல" என்று கூடவே உட்கார்ந்திருந்தேன். தையல் இயந்திரத்தை விற்றோம். அது நிஜமான இயந்திரம், நிஜமான விற்பனை. அதே இரும்புக்காரர்தான் வாங்கினார். அவள் கடைசியாகத் தைத்தது இந்தத் திரை. எத்தனை துவைத்தும் சாயம் போகவில்லை, பாருங்கள்.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது, கவனித்தீர்களா?

இதோ, வந்துவிட்டாள். "உங்க மூக்குக்கண்ணாடியக்கூடவா என் தலையில கட்டினீங்க?" என்று கேட்கிறாள். தேய்மானம் மட்டும்தான் போட்டேன் என்று சொன்னால் அவளுக்குப் புரியவில்லை. நிஜமாகவே அந்த வருடம் லாபமா என்று உங்களைக் கேட்கிறாள். உங்களுக்கு எப்படித் தெரியும்? லாபம்தான். நல்ல லாபம்.

முக்காலி எதற்கு என்று தெரியவில்லை. ஓ, திரையைக் கழற்றுகிறாள். மூலைக் கடைக்குக் கேக் அக்கா திரை தேடிக்கொண்டிருக்கிறாராம், மாதிரி காட்ட எடுத்துப் போகிறாளாம். எவ்வளவு அழகாக மடிக்கிறாள் பாருங்கள். இந்த நேரத்தில் அவள் வெளியே போய் நான் பார்த்ததில்லை. அடுப்பைக்கூட அணைக்கவில்லை.

போகட்டும். இந்த வாக்குமூலத்தில் இங்கேதானே கையெழுத்து? நீங்களும் பென்சிலால் பெருக்கல் குறிதான் போடுகிறீர்கள். படித்துப் பார்க்க வேண்டாம், நீங்கள் எழுதினால் சரியாகத்தான் இருக்கும்.

எனக்கு அவள்மேல் கோபம் இல்லை ஐயா. ஒரே ஒரு கவலைதான். தொழில் என்று இறங்கினால் வருடா வருடம் கணக்கை யாரிடமாவது கொடுக்கவேண்டும். அவளுக்கு வெளியுலகம் தெரியாது. யாராவது ஏமாற்றிவிடப் போகிறார்கள்.