வாள்வீரனின் விரல்கள்

என்னைப் பார்த்தால் வீடியோ கேம் ஆடுகிறவள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், மேடம். பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்காருகிறவள் நான். தங்கைக்காகத்தான் கற்றுக்கொண்டேன்.

பஸ் விபத்தில் அவள் கைகள் இரண்டும் முடங்கிப்போயின. விரல்களுக்கு வேலை கொடுங்கள் என்றார் பிசியோதெரபிஸ்ட். அவள் கேட்டது ஒரு ஜப்பானிய கேம். தனித்தனி கேம்களில் வந்த நாயகர்களையெல்லாம் ஒரே அணியில் சேர்த்துவிட்டிருந்தார்கள். வாள்வீரனும் பேயோட்டும் துறவியும் கார்ப்பந்தயக்காரியும் தோளோடு தோள் நின்று சண்டை போடுவார்கள். அவள் வாள்வீரன், நான் துறவி. அவள் விரல்கள் ஓயும்போது அவளுடைய கன்ட்ரோலரையும் நானே வாங்கி அழுத்துவேன். "நீ இல்லாட்டி நான் செத்தேன்க்கா" என்பாள். இரண்டு வருடம் அப்படி நிம்மதியாக இருந்தோம்.

பிறகு ஒரு நாள் அவளே ஜெயித்தாள். கன்ட்ரோலரை என் பக்கம் நீட்டவேயில்லை. அடுத்த மாதம் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டாள். ஆன்லைனில் முகம் தெரியாத மூன்று பேரோடு ஆடத் தொடங்கினாள். என் துறவியை எவனோ எடுத்துக்கொண்டான்.

"அக்கா, என்கூட ஆடறவங்க அவங்க ஊர்ல எனக்கு வேலை பார்த்து வெச்சிருக்காங்க. ரூம் எடுத்துத் தங்கிக்கறேன். நீயும் எத்தனை நாளைக்குத்தான் என்னோட மல்லுக்கட்டுவே?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

நான் கோபப்படவில்லை. வெளியூரில் கை சோர்ந்தால் யார் பார்ப்பார்கள் என்று பயந்தேன். என் முதுகுவலிக்குக் கொடுத்த மாத்திரை தசையைத் தளர்த்தும். அவளுடைய காலைப் பாலில் பாதி மாத்திரையைப் பொடித்துப் போட்டேன். அன்றைக்கு வாள்வீரன் எழுந்திருக்கவேயில்லை.

"என்னக்கா இது, விரல் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது" என்று அழுதாள். கன்ட்ரோலரை வாங்கிக்கொண்டேன். தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டாள். எவ்வளவு நாளாயிற்று அவள் அப்படிச் சாய்ந்து.

பாதி, முழுசானது. பிறகு இரண்டு. பிசியோதெரபிஸ்ட் தலையைச் சொறிந்தார். வேலைக்கு வர முடியாது என்று அவளுக்காக நானே எழுதிப் போட்டேன். ஏழு மாதம், மேடம், ஒரு நாள் தவறவில்லை. அவள் குளியலறையில் மயங்கி விழுந்து மண்டை உடைந்த அன்று நான்கு போட்டிருந்தேன். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிட்டது.

போட்டது நான்தான். வேறு யாருக்கும் இதில் சம்பந்தமில்லை. வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

ஆஸ்பத்திரியில் அவளே ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுகிறாள் என்கிறீர்கள். நர்சுக்கு அவளைப் பற்றி என்ன தெரியும்? யாரையாவது அனுப்பி அவளுக்கு ஊட்டிவிடச் சொல்லுங்கள்.