கல்லுச் சட்டை

தார் மணம் எங்கே வந்தாலும், எழுபதுகளின் ஒரு மழைநாளும் பார்க்டேல் பக்கம் தெருத் தண்டவாளத்தில் ஆடி ஆடிப் போன ஸ்ட்ரீட்காரும் என்னிடம் திரும்பி வந்துவிடுகின்றன. முன் இருக்கையில் இரண்டு யாழ்ப்பாணத்தார். இளையவரின் மடியில், செங்கல் சுவர்போல அச்சடித்த தார்த்தாள் ஒரு சுருள், புதுக்கருக்கோடு மணந்துகொண்டிருந்தது.

"மரவீட்டுக்குக் கல்லுச் சட்டை போடப்போறன், அண்ணை," என்றார் அவர்.

"ஏனடாப்பா, இருக்கிற பலகைக்கு என்ன குறை?"

"கல்வீடு வாங்கியிருக்கிறன் எண்டெல்லோ மாமாவாகப் போறவருக்கு எழுதிப்போட்டன். வீட்டின்ர படத்தைக் கண்டால்தான் மகளைப் பிளேனில ஏத்துவாராம்."

"ஓமோம். ஊரில பலகையில கட்டுறது கோழிக்கூடு."

"இஞ்ச ஒரு வெள்ளைக்காரி, பழைய வீடுகளைக் காப்பாத்துற சங்கமாம், அந்தப் பலகையைத் தடவித் தடவிப் பார்த்தவ. அந்தக் காலத்துத் தொழிலாளியளின்ர வீடு, உப்பிடி ஒண்டு இனிக் கிடையாது, ஒரு ஆணிகூட அடிச்சுப்போடாதையுங்கோ எண்டு கெஞ்சாத குறை."

"அவவுக்கென்ன, அவவுக்குக் கலியாணம் பேசேல்லைத்தானே!"

"ஆணி அடிக்கமாட்டன், அண்ணை. கூரையில கயிறு கட்டித் தாளைத் தொங்கவிட்டு ஒரு படம் எடுப்பன். பிறகு கழட்டிப்போடுவன்."

"விசரா! பொம்பிளை வந்திறங்கிப் பார்க்கேக்கை?"

இளையவர் மணிக்கயிற்றை இழுத்துவிட்டுச் சுருளைத் தோளில் ஏற்றிக்கொண்டு எழுந்தார். கதவு திறந்தது.

"பொம்பிளைக்கு எல்லாத்தையும் எழுதிப்போட்டன். அவ சரித்திர ரீச்சர். பலகையில கை வைக்கக் கூடாதாம். கயிறு கட்டுற யோசனையும் அவவின்ரைதான். வாறன், அண்ணை."