அஞ்சு மணிக்குள்ள ஒரு சீட்டு

அனுசியா: …பேச்ச மாத்தாத முகிலு. டி.சி. எடுத்தியா, இல்லையா?

கார்முகில்: எடுத்தேன்டி.

அனுசியா: காட்டு.

கார்முகில்: பையில அடியில கெடக்கு. ஜீப்பு இந்தக் குலுக்கு குலுக்குது, இப்பப் போயி…

அனுசியா: குலுங்கட்டும். காட்டு.

கார்முகில்: இந்தா. போதுமா? போலீஸ்காரி.

அனுசியா: மார்க் சீட்டு? சாதிச் சான்றிதழ்? எல்லாத்துக்கும் ஜெராக்ஸ் இருக்கா?

கார்முகில்: ஜெராக்ஸ்தான… கீழ போயி எடுத்துக்கலாம்.

உக்கிரபாண்டி: ஏன் ஆத்தா, அந்தப் புள்ளைய இந்த வெரட்டு வெரட்டுற? ராசிங்காபுரத்துல இருந்து இருட்டோட கெளம்பி, என் வண்டியிலயே மலையேறி வந்து, தூங்குனவள எழுப்பி இழுத்துட்டுப் போற. கல்யாணப் பொண்ணக் கூட இப்பிடிக் கெளப்ப மாட்டாகளே!

அனுசியா: அண்ணே, இவளுக்கு ஐதராபாத்துல எம்.எஸ்சி. சீட்டு கெடைச்சிருக்கு. இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ‘நான் சேர்றேன்’னு கம்ப்யூட்டர்ல ஒத்துக்கணும். இல்லன்னா சீட்டு அடுத்த ஆளுக்குப் போயிரும். இவ என்னடான்னா கோழிக்கு எரை வச்சிட்டு வர்றேன், தண்ணி புடிச்சிட்டு வர்றேங்கறா.

உக்கிரபாண்டி: அட! நம்ம எஸ்டேட்டு லயத்து வீட்டுல இருந்து எம்மெஸ்ஸியா… ஆமா, அந்த அடுத்த ஆளு யாரு?

அனுசியா: எவளோ ஒருத்தி. நீங்க வளைவப் பாத்து ஓட்டுங்க.

உக்கிரபாண்டி: நீயும் அதே பரீட்சை எழுதுனதாச் சொன்னியே தாயி?

அனுசியா: எழுதுனேன், எழுதுனேன். என் ரேங்க்கு எங்கயோ கெடக்கு.

கார்முகில்: அண்ணே, குரங்கணியில டீக்கடகிட்ட நிப்பாட்டுங்க.

அனுசியா: நிப்பாட்டாதீங்க.

உக்கிரபாண்டி: நான் யாரு சொல்றதக் கேக்க?

அனுசியா: சத்தமாச் சொல்றவ சொல்றத.

உக்கிரபாண்டி: அதுவும் சரிதான். ஆனா ஏலக்கா மூட்ட ஏத்துறதுக்கு அங்க ஆளு நிக்குது. நீங்க டீ குடிச்சாலும் குடிக்காட்டியும் வண்டி நிக்கும்.

* * *

அனுசியா: இங்க டவரு இருக்கு பாரு. டீயக் கீழ வையி. போன எடுத்து இங்கயே அமுக்கிரு, சோலி முடிஞ்சிரும்.

கார்முகில்: சார்ஜு இல்ல.

அனுசியா: இந்தா, என் போனு.

கார்முகில்: பாஸ்வேர்டு ஞாபகமில்லடி. எழுதி வச்ச தாளு பையில எங்கயோ கெடக்கு. போடியில போயி நெதானமா…

அனுசியா: என்ன ஆச்சு ஒனக்கு? பரீட்சைக்கு என்னைய விட வெறியாப் படிச்சவ நீ. தொத்தல் பல்பு வெளிச்சத்துல ஒக்காந்து படிச்சிட்டு, கண்ணு வீங்கி வந்து நின்னவ.

கார்முகில்: அம்மாவ நெனச்சேன். ஏலக்கா மொத காயெடுப்பு ஆரம்பிச்சிருச்சு. இந்த நேரத்துல நானும் இல்லன்னா…

அனுசியா: ஒங்கம்மா காலையில என்ன சொன்னாக தெரியுமா? ‘இவள வண்டியில ஏத்திவிட்டாத்தான் காட்டுக்குள்ள எனக்குக் கை ஓடும்’னாக. அம்மாவ இழுக்காத.

கார்முகில்: இந்தி தெரியாது. தெலுங்கு தெரியாது.

அனுசியா: பசிச்சாத் தன்னால வரும். கேளு, இன்னைக்கே செய்ய வேண்டியது இன்னும் இருக்கு. ஹாஸ்டலுக்குத் தனியா எழுதிக் கேக்கணும். சீட்டு கெடைச்சா ரூமும் கெடைச்சிரும்னு இருந்துறாத. காலேஜுல மைக்ரேஷன் சர்டிபிகேட்டுக்கு இன்னைக்கே எழுதிப் போடணும், அது கைக்கு வர நாளாகும். அங்க படிக்கிற தமிழ்ப் புள்ளைக யாராச்சும் இருந்தா நம்பரு புடி. அப்புறம், அங்க பாடம் எடுக்குற புரபசருக்கு ஒரு மெயிலு போடு.

கார்முகில்: நானா? அவருக்கு நான் என்னத்த எழுத?

அனுசியா: ஏலக்காயில பேன்பூச்சி விழுந்தா காயி எப்பிடிச் சொறி புடிக்கும்னு சின்னதுல இருந்து பாத்தவ, அதப் பத்திப் படிக்க ஆசைன்னு எழுது.

கார்முகில்: இந்தக் கதையெல்லாம் அவரு கேப்பாரா?

அனுசியா: அவரு கேக்கலன்னா அடுத்த ஆளுக்கு எழுது. டிப்பார்ட்மென்டுல ஒருத்தரா இருக்காரு?

கார்முகில்: இவ்வளவும் ஒனக்கு எப்பிடிடி தெரியும்?

அனுசியா: …தெரிஞ்சு வச்சேன். நானும் ஒருநா போவேன்ல? டீயக் குடி. மேல படிஞ்ச ஆடையக் கூட ஊதி ஊதிக் குடிக்கிற.

உக்கிரபாண்டி: மூட்ட ஏத்தியாச்சு! ஏறுங்கத்தா, வெரசா!

* * *

அனுசியா: எதுக்குடி வரிசையில பின்னால போற?

கார்முகில்: அந்தக்கா கைப்புள்ளையத் தூக்கிட்டு நிக்கிறாங்க. முன்னால போகட்டும்னுதான்…

அனுசியா: கொஞ்சம் முன்னால இருமுற தாத்தா. இப்பக் கைப்புள்ளக்காரி. இந்த ஆசுபத்திரியே ஒன்னையத் தாண்டி உள்ள போயிட்டு வந்துரும். டாக்டரு சாப்புடப் போயிட்டா நீயா கையெழுத்துப் போடுவ?

கார்முகில்: நான் நல்லாத்தான இருக்கேன். நல்லாருக்கேன்னு எதுக்குடி ஒரு சர்டிபிகேட்டு?

அனுசியா: அவுங்க கேக்குறாங்க, நீ குடுக்குற. நில்லு இங்க. நகந்தேன்னா காலு இருக்காது.

கார்முகில்: இது முடிஞ்சதும் போட்டோ ஒண்ணு எடுத்துக்கறேன்டி.

அனுசியா: போட்டோதான் இருக்கே?

கார்முகில்: அதுல மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு.

அனுசியா: மூஞ்சியே அதான். நட.

* * *

அனுசியா: உக்காரு. இந்தக் கம்ப்யூட்டரு நல்லாருக்கு. மணி நாலரையத் தாண்டிருச்சு. பாஸ்வேர்டு போடு.

கார்முகில்: கடையில கூட்டமா இருக்கு. நெட்டு மெதுவா இருக்கும். கொஞ்சம்…

அனுசியா: போடுடி.

கார்முகில்: அனு…

அனுசியா: அழுதேன்னா பளார்னு ஒண்ணு விடுவேன். போடு.

கார்முகில்: அடுத்த ஆளு யாருன்னு டிரைவர் அண்ணே கேட்டாருல்ல.

அனுசியா: அதுக்கு என்ன இப்ப?

கார்முகில்: பட்டியல நானும் பாத்தேன்டி. வெயிட்டிங் லிஸ்ட்டுல மொத பேரு உம் பேரு. ரேங்க்கு எங்கயோ கெடக்குன்ன.

அனுசியா: ஆமா, சொன்னேன். சொல்லாம இருந்தா நீ விட்டுத் தொலைச்சிருப்ப. இப்பப் புரியுது. காலையில இருந்து டீ குடிக்கிறேன், வரிசையில வழி விடுறேன், போட்டோ எடுக்குறேன்னு நீ ஆடுன ஆட்டம் பூரா இதுக்குத்தான? அஞ்சு மணிய ஓட்டிவிட்டா சீட்டு எனக்கு வந்துரும்னு. எனக்குப் பிச்ச போடுறியா நீ?

கார்முகில்: அப்பிடி இல்ல அனு…

அனுசியா: வேற எப்பிடி? நல்லாக் கேட்டுக்க. நான் ஒண்ணும் தியாகி கெடையாது. நேத்துப் பூரா எனக்கு ஒரே நெனப்பு. இவ வர்ற ஜீப்பு பாதியில நின்னுறாதா… மழ பேஞ்சு மண்ணு சரிஞ்சு ரோடு அடச்சிறாதான்னு. சாமி படத்துக்கு முன்னால போயி நின்னுட்டேன்டி. கையக் கூப்புனேன். வாயத் தொறந்து கேக்கப் போறப்ப எனக்கே அருவருப்பா இருந்துச்சு. வெளிய ஓடியாந்து ஒனக்குப் போன் அடிச்சேன், எடுக்கல. அதான் டிரைவரு அண்ணேகிட்ட, ‘நாளைக்கு வர்றேன், அவகிட்டச் சொல்லிருங்க’ன்னு சொல்லிவிட்டேன்.

கார்முகில்: அதுக்காகவா வந்த?

அனுசியா: வீட்டுல உக்காந்திருந்தா இன்னைக்குக் கேட்டே இருப்பேன். கூட வந்தா, ஜீப்பு நின்னாலும் எறங்கித் தள்ளியாச்சும் விடுவேன்ல? ஒனக்காக வரல முகிலு. எனக்காக வந்தேன். இப்ப அமுக்கு. நீ அமுக்குறத நான் கண்ணால பாக்கணும். பாத்தாத்தான் இந்த நெனப்பு என்னைய விட்டுப் போகும். நாளைக்கே புஸ்தகத்த எடுத்துருவேன். வர்ற வருசம் சொந்த ரேங்க்குல வருவேன், நீ சீனியரா இரு, அதட்டு, கேட்டுக்கறேன். ஆனா யாரோ தவறவிட்டு வந்த சீட்டு எனக்கு வேணாம். அமுக்குடி, நேரமாச்சு!

கார்முகில்: நீ பாக்க முடியாது அனு.

அனுசியா: ஏன் முடியாது?

கார்முகில்: நேத்துச் சாயங்காலமே அமுக்கிட்டேன். நீ வர்றேன்னு அண்ணே வந்து சொன்னதும், டவரு கெடைக்கிற எடம் வரைக்கும் ஓடிப்போயி… நீ என் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த கேட்டுட்டா சீட்ட ஒனக்கே குடுத்துருவேன்னு பயந்து, நீ மலையேறுறதுக்கு முன்னாலயே எடுத்துக்கிட்டேன்டி. அத ஒங்கிட்டச் சொல்லத்தான் காலையில இருந்து வாய் வரல.