வளைவுக்கு முன்பே நின்ற ரயில்

பொழுது சாய்கிற நேரம். அமெரிக்காவின் ஓசார்க் மலையில், ஆற்றங்கரைக் கூடாரங்களிலிருந்து சின்ன ரயில் நிலையத்துக்குப் போகும் மண் ரோடு. இரண்டு பக்கமும் ஓக் மரங்கள். ஒரு குடும்பம் மட்டும் ரயிலுக்கு நடந்து போனது. எதிரில் ஒரு வண்டிகூட வரவில்லை...

இது நம் டுவைட்டின் சித்தி மகள் லோர்னாவுக்கு நடந்தது. டுவைட் இதோ உட்கார்ந்திருக்கிறான். அவனைக் கேட்காதீர்கள், பேசமாட்டான். என் மனைவி இருந்தால் இதை நன்றாகச் சொல்வாள். அவள் இல்லை. எனக்குச் சுருக்கமாகத்தான் வரும்.

லோர்னா, அவள் கணவன் காரெட், ஆறு வயது ஜோசி, நான்கு வயது கோல். பள்ளி திறப்பதற்கு முன் கூடாரம் போட வந்திருந்தார்கள். கோல் எல்லாவற்றுக்கும் பயப்படுகிற பிள்ளை. ஆற்றில் இறங்கமாட்டான். நெருப்புப் பக்கம் வரமாட்டான். அன்று காலையில்தான் வாய் திறந்து ஒன்றைக் கேட்டான். ரயிலை மறிக்கிற கொள்ளைக்காரர்களின் குதிரையில் உட்கார வேண்டுமாம்.

அந்தச் சுற்றுலா ரயிலில் போடுகிற கொள்ளை நாடகம் உங்களுக்குத் தெரியும். பாலத்துக்கு முந்தின வளைவில், கைக்குட்டையால் முகம் மூடியவர்கள் குதிரையில் வந்து, வெற்றுத் தோட்டா சுட்டு ரயிலை மறிப்பார்கள். கண்டக்டர் கெஞ்சுவார். ஒரு குழந்தையைப் 'பிடித்து' குதிரையில் வைத்து இன்ஜின் வரை நடத்திப் போவார்கள். அங்கே ஷெரீஃப் என்கிற போலீஸ் தலைவர் வேடம் போட்டவர் மீட்டுத் தருவார். பெற்றவர்களே முண்டியடித்துப் பிள்ளையைத் தூக்கி நீட்டுவார்கள்.

"டேய், கொள்ளைக்காரன் வந்தா உன்னத்தான் குடுக்கப்போறேன். அழுவியா?" என்றான் காரெட், ரயிலில் ஏறி உட்கார்ந்ததும்.

"அழமாட்டேன்."

"அழுவான்ப்பா," என்றாள் ஜோசி. "நேத்து தவளையப் பாத்தே அழுதான்."

"அது கடிக்க வந்துச்சு."

பெட்டியே சிரித்தது. ரயில் கிளம்பியது. கரிப்புகை, சோளப்பொரி வாசம். கீழே ஆறு. பாறையைக் குடைந்த இடத்தில் ரயில் நுழைந்தது... அங்கேயே நின்றுவிட்டது. வளைவு இன்னும் தள்ளி இருந்தது.

இன்ஜின் சத்தம் அடங்கியது. பறவைச் சத்தமும் அடங்கியது. பிறகு ஒரு வாசம். நனைந்த குதிரை. அதற்கடியில், கறிக்கடையைக் கழுவாமல் பூட்டிவைத்த வாசம்.

படியில் ஒருவன் ஏறினான். கைக்குட்டை இல்லை. தலை முழுக்கச் சாக்கு. கண்ணுக்கு ஓட்டைகூட இல்லை. குதிரையை முடுக்கும் பூட்ஸ் முள் பலகையில் உரசியது. கிரீச்... கிரீச்...

கண்டக்டர் ஹோபர்ட் ஓய்வு பெற்ற தபால்காரர். ஒரு கணம் முழித்தார். பிறகு தினமும் சொல்கிற வசனத்தைச் சொன்னார். "ஐயா, எங்க தாத்தா கடிகாரத்த மட்டும் விட்டுடுங்க..."

துப்பாக்கிக் கட்டை அவர் வாயில் இறங்கியது. பல் தெறித்துப் பலகையில் உருண்டது. குழந்தைகள் கைதட்டினார்கள். ஒரு சிறுமி குனிந்து ஒன்றைப் பொறுக்கினாள்.

அடுத்து அவர் முழங்காலில் சுட்டான். வெற்றுத் தோட்டாவின் பட்டாசுச் சத்தம் இல்லை. ஈர மரத்தைப் பிளக்கிற சத்தம். பின் வரிசைச் சட்டைகளில் சிவப்பு தெறித்தது. அவர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள். ஹோபர்ட் தவழ்ந்து வந்து காரெட்டின் காலைப் பிடித்தார். வாயில் ரத்தம் கொப்பளித்தது.

"இவன்... எங்க ஆள் இல்ல... பிள்ளைங்கள..."

"பெருசு பின்னுறாரு," என்றான் காரெட். "அடுத்த வருஷம் சினிமாவுக்குப் போயிருவாரு பாரு."

சாக்குக்காரன் கையை நீட்டினான். காரெட் கோலைத் தூக்கினான். அவனேதான் கொடுத்தான். கோல் அழவில்லை. தானாகவே கையை நீட்டிப் போனான். லோர்னா செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். வெளியே குதிரை நின்றது. கோலை முன்னால் உட்காரவைத்து அவன் கிளம்பினான். ஜல்லிக்கல்லின் மேல் குளம்புச் சத்தமே கேட்கவில்லை...

அப்போதுதான் லோர்னா குனிந்தாள். ஹோபர்ட்டின் காலில் வெள்ளையாக எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. தொட்டாள். சூடாக இருந்தது.

அவள் கத்திய நேரத்தில் இன்ஜின் உயிர் பெற்றது. யாரும் நிறுத்துவதற்குள் ரயில் வளைவுக்கு வந்துவிட்டது. அங்கே வழக்கமான ஆட்கள். கைக்குட்டை கட்டி, கூச்சல் போட்டு, வானத்தில் சுட்டபடி.

காரெட் குதித்தான். முதலில் வந்தவனைச் சேணத்திலிருந்து இழுத்துப் போட்டான். ஜல்லிக்கல்லை எடுத்து முகத்தில் அடித்தான். "எம்பிள்ள எங்கடா? எம்பிள்ள எங்கடா?" திரும்பத் திரும்ப அடித்தான். அடிபட்டவன் பத்தொன்பது வயதுக் கல்லூரிப் பையன், கோடைக்கால வேலைக்கு வந்தவன். ஒரு கண் அங்கேயே போய்விட்டது. மற்ற பெட்டிகளில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள்.

அதற்கும் கைதட்டினார்கள்.

கோலைத் தேட அரை மணி நேரம் தாமதமானது. காரெட்டைப் பிடித்து இழுக்கவே அவ்வளவு நேரம்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் கோல் கிடைத்தான். தண்டவாளத்தின் நடுவே தனியாக நின்றிருந்தான். ஒரு கீறல் இல்லை. கால்களை மட்டும் அகட்டி வைத்திருந்தான். லோர்னா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அவன் உடம்பு மேலும் கீழுமாக லேசாகக் குலுங்கிக்கொண்டிருந்தது. குளிர் என்று நினைத்தாள்.

ஹோபர்ட்டின் காலிலிருந்து ஈயக் குண்டை எடுத்தார்கள். அப்படிப்பட்டதை இப்போது யாரும் வார்ப்பதில்லை என்று போலீஸ் சொன்னது. லோர்னாவின் செல்போன் படத்தில் குதிரை இல்லை. தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்தில் கோல் மட்டும் உட்கார்ந்திருக்கிறான். சிரிக்கிறான். காரெட் சிறையில் இருக்கிறான்.

கோலுக்கு இப்போது ஏழு வயது. பள்ளிக்குப் போகிறான். சாப்பிடுகிறான். எதற்கும் பயப்படுவதில்லை. ஆனால் தினமும் காலையில் லோர்னா அவனுடைய போர்வையை மாற்ற வேண்டியிருக்கிறது. இரண்டு தொடையின் உள்பக்கமும் தோல் உரிந்து, புது ரத்தம். இரவெல்லாம் சேணத்தில் இருந்தவனைப் போல. ரத்தத்தில் ஒட்டிய முடியை அவள் ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறாள். கறுப்பு முடி. நீளமானது, முரடானது.

போன வாரம் மருந்து தடவும்போது மெதுவாகக் கேட்டிருக்கிறாள். "எங்கடா போற, கண்ணு?"

கோல் அவளைப் பார்க்கவில்லை. எதிரே சுவரைப் பார்த்தான். எங்கோ தொலைவைப் பார்ப்பதுபோல.

"இன்னும் போய்ச் சேரலம்மா," என்றான். "அக்காவையும் கூட்டிட்டு வரச் சொல்றாரு."