ஒற்றைக் கோடும் ஒரு நுரையீரலும்

எனக்குக் கோபமே வராது ஐயா. வீட்டோடு மாப்பிள்ளைக்குக் கோபம் கட்டுப்படியாகாது. மாமனார் வீட்டு மாடியறையில் இருந்துகொண்டு மூக்குக்கு மேல் கோபம் வந்தால் சோறு யார் போடுவார்கள்?

எனக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. ஊரார் மூக்கில் குச்சி விட்டுச் சளி எடுத்து, என்ன வைரஸ் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வீட்டில் இதற்கு ஏக மரியாதை. "மாப்பிள்ளை கையில குச்சியக் குடுத்தா செவுத்துக்கே காய்ச்சல்னு சொல்வாரு" என்பார் மாமனார். மச்சான் விழுந்து விழுந்து சிரிப்பார். அப்பா சொன்ன ஜோக் ஆயிற்றே என்று என் மனைவியும் கொஞ்சம் சிரிப்பாள்.

மாமனாருக்கு ஒரு நுரையீரல்தான். மற்றதை ஆபரேஷனில் எடுத்தாயிற்று. இருமல் உள்ளவர்கள் டெஸ்ட் எடுக்காமல் அவர் அறைக்குள் போகக்கூடாது என்று சட்டம் போட்டவன் நான். தீர்ப்புச் சொல்லும் உரிமை மட்டும் மச்சானுக்கு. அவர் கார் விற்கிறார். ஆகவே எல்லாம் தெரியும்.

அன்று காலை அவருக்கே தொண்டை கரகரத்தது. மருந்துக் கடையில் டெஸ்ட் கிட் வாங்கி வந்தார். குச்சியை மூக்கு வாசலில் காட்டிவிட்டு எடுத்தார், கல்யாண வீட்டுக்கு வந்து பந்தலை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர் மாதிரி. கால்மணி நேரம் பொறுத்துப் பார்க்க வேண்டியதைப் பல் துலக்கி முடிப்பதற்குள் பார்த்துவிட்டார். "ஒத்தைக் கோடு. நான் க்ளீன்" என்றார்.

அந்த ஒரு கோடு, கிட் வேலை செய்கிறது என்று மட்டும்தான் சொல்லும். ஆளைப் பற்றி ஒன்றும் சொல்லாது. முதல் நாளில் இரண்டாவது கோடு வராவிட்டால் வைரஸ் இல்லை என்று அர்த்தமில்லை. இன்னும் பிடிபடவில்லை என்றுகூட இருக்கலாம். இதை எத்தனை தரம் சொல்லியிருப்பேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். அன்றும் சொன்னேன், லேபுக்கு ஒன்று கொடுங்கள் என்று. "உங்க திருப்திக்கு எடுத்துக்குங்க மாப்பிள்ளை" என்று மூக்கைக் காட்டிவிட்டு, சாயங்காலம் அப்பாவோடு சீட்டாட்டம் இருப்பதாகச் சொல்லிக் கார் விற்கப் போனார். முடிவுக்காகக் காத்திருக்கும் உத்தேசம் அவருக்கு இல்லை.

மதியம் மெஷின் சொல்லிவிட்டது. வைரஸ் எவ்வளவு அதிகமோ அவ்வளவு சீக்கிரம் அதில் தெரியும். மச்சானுடையது சட்டென்று தெரிந்தது. அதிலும் அவருக்குப் பொறுமை இல்லை.

போனை எடுத்தேன். பிறகு யோசித்தேன். சொன்னால் என்ன ஆகும்? மாமனார் நன்றாக இருப்பார். "பாத்தியா, ஒன்னும் ஆகல, மாப்பிள்ளை சும்மா பயமுறுத்தினாரு" என்று ஆயுசுக்கும் சிரிப்பார். நோய் வராமல் தடுத்தவனுக்குச் சாட்சி ஏது? போனை வைத்துவிட்டேன்.

சில நாளில் மாமனார் மூச்சுத் திணறித்தான் போனார். பாவம், நல்ல மனிதர். காரியங்களை நான்தான் முன்னால் நின்று செய்தேன். "அப்பாவ நானே கொன்னுட்டேனே" என்று மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். தேற்றினேன். லேப் முடிவு மறுநாள்தான் வந்தது என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். இப்போது அங்கே யாராவது தும்மினால் மச்சானே குச்சியை ஒழுங்காக விட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறார். ஒற்றைக் கோட்டை ஒருவரும் நம்புவதில்லை. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பது சும்மாவா?

யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்றுதான் உங்களிடம் சொல்ல நினைத்திருந்தேன். ஆனால் மாமனார் கேட்டார். சாயங்காலம் நான் வந்தபோது சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தார். மச்சான் வாசலில் காரை நிறுத்திக்கொண்டிருந்தார். முதல்முறையாகக் கேலி இல்லாமல் மாமனார் கேட்டார்.

"ஏன் மாப்பிள்ளை, உங்க மெஷின் என்ன சொல்லுது? நான் அவன்கூட உக்காரலாமா?"

"தாராளமா உக்காருங்க மாமா" என்றேன். மச்சான் உள்ளே வந்து உட்கார்ந்ததும் கதவை நான்தான் சாத்தினேன். ஏசி போட்டிருந்தது, காற்று வீணாகப் போகும் பாருங்கள்.