ரெண்டாம் பந்தி

— அப்ப, அந்தப் பொண்ணு அழுதுச்சா அலெக்ஸ்?

— ஆமா மேடம். தேம்பித் தேம்பி அழுதா. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், பசியை ஒழிக்கத்தான் என் வாழ்க்கைன்னு. அதுக்குத்தான் இந்த ஃபெல்லோஷிப்புக்கு அப்ளை பண்ணேன்.

— இருங்க, இருங்க. பசிய ஒழிக்கறத அப்பறம் பாப்போம். பேனல்ல மத்த ரெண்டு பேரும் சாப்பிடப் போயிட்டாங்க, ஒங்க இன்டர்வியூவ நாந்தான் முடிக்கணும். மொதல்லேர்ந்து சொல்லுங்க. யாரு கல்யாணம் அது?

— எங்க அக்கா கல்யாணம் மேடம். இதே டவுன்ஷிப்லதான். அப்பா மைன்ஸ்ல பெர்மனென்ட். அருள்நாதன் வீட்டுக் கல்யாணம்னா சும்மாவா, ப்ளாக் ப்ளாக்கா ஜனம் வந்துச்சு. சர்ச்சுல பூசை முடிஞ்சு மண்டபத்துல பிரியாணி. ரெண்டாம் பந்தியில இந்தச் சின்னப் பொண்ணு உக்காந்திருந்தா. கூப்பிடாம வந்துட்டான்னு யாரோ ஒரு பெரியவர் அவளை எழுப்பிட்டாரு.

— யாரோ ஒரு பெரியவரு.

— சொந்தத்துல யாரோ மேடம். எனக்கு நெஞ்சே வெடிச்சிடுச்சு.

— அய்யோ பாவம். அப்பறம்?

— அவ பேசாம எலையை மடிச்சிட்டு எழுந்தா. நான் பின்னாடியே ஓடி, வாசல்கிட்ட நிறுத்தி, பிரியாணியைப் பொட்டலம் கட்டிக் குடுத்தேன். ஜிலேபி கூட வெச்சேன். ‘நன்றி அண்ணா’ன்னு சொன்னா.

— எலைய மடிச்சிட்டா எழுந்தா?

— ஆமா மேடம். இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு.

— ஏன் அலெக்ஸ், எலைய எப்ப மடிப்பாங்க?

— சாப்பிட்டு முடிச்சதும்.

— ஒரு வா வெக்கறதுக்குள்ள ரெக்கையப் புடிச்சித் தூக்குனா, எந்தக் கொழந்த எலைய மடிச்சிக்கினு நிக்கும்?

— மடிச்ச மாதிரிதான் இருந்துச்சு மேடம். சின்ன வயசு இல்லையா, சரியா ஞாபகம்...

— மடிக்கல. விரிச்சது விரிச்சாப்ல கெடந்துச்சு. முட்டை கூட அப்பிடியே இருந்துச்சு. கடைசியா துன்னலாம்னு ஓரமா தள்ளி வெச்சிருந்தா.

— உங்களுக்கு எப்படி மேடம்...

— யாரோ பெரியவரும் இல்ல. எழுப்புனது ஒங்கப்பா. பந்தி நெறைய புள்ளைங்க. எது கூப்ட்ட புள்ள, எது கூப்டாத புள்ளன்னு அவருக்கு எப்பிடித் தெரிஞ்சிது? சொல்லுங்க.

— தெரியல மேடம்.

— எதுத்த எலையில ஒரு பையன் உக்காந்துகினு இருந்தான். புதுச் சட்ட, கழுத்துல செவப்பு போ டை. கையை நீட்டி, ‘டாடி, இது எச்சி எலை எடுக்க வந்தவங்க பொண்ணு’ன்னு கத்துனான். மண்டபமே திரும்பிப் பாத்துச்சு.

— மேடம்... எனக்கு அப்பப் பத்து வயசு.

— எனக்கும் பத்து வயசுதான்டா!

— நீங்களா?

— இசைப்பிரியா. பேரக் கூட நீ கேக்கல, ‘நன்றி அண்ணா’ன்னு மட்டும் என்னைச் சொல்ல வெச்சிட்ட. அண்ணாவாம்! ஜிலேபியாம்! வேல செய்யறவங்களுக்குக் கடைசிப் பந்தி. நான் பசி தாங்காம ரெண்டாம் பந்தியிலயே உக்காந்துட்டேன். எங்கம்மா என்னா செஞ்சாங்க தெரியுமா? பளார் பளார்னு அறைஞ்சாங்க. ஒங்கப்பா பாக்கணும்னே அடிச்சாங்க. அடிச்சிட்டு, அந்த எலைய அவங்களே வாரி வாளியில போட்டாங்க. முட்டையோட. அப்பிடியும் ஒங்கப்பாவுக்குக் கோவம் ஆறல. கடைசிப் பந்தியும் கெடையாது, வெளிய போங்கன்னுட்டாரு.

— மன்னிச்சிருங்க மேடம். நிஜமாவே சொல்றேன்.

— மாட்டேன். என் பசிய எடுத்து ஒன் அப்ளிகேஷன்ல ஒட்டிக்கினு வந்திருக்க. ஒங்க வூட்ல எல்லாம் இருந்துச்சே, இதயுமா எடுத்துக்கணும்?

— இப்ப ஒண்ணும் இல்ல மேடம். இன்ஜினியரிங் முடிச்சு ரெண்டு வருஷம் சும்மா இருக்கேன். அப்பா ரிட்டயர் ஆயிட்டாரு, குவார்ட்டர்ஸையும் காலி பண்ணிட்டோம். வீட்ல என் மூஞ்சியப் பாத்தே பேசறதில்ல. இது ஒண்ணைத்தான் நம்பி இருக்கேன். கதை உருக்கமா இருந்தா எடுப்பாங்கன்னு ஃப்ரெண்டு சொன்னான்.

— உருக்கம்! தானே புயல்ல எங்க கூரை பறந்துபோச்சி, அதுக்கப்பறம்தான் நான் இதுல ஃபெல்லோவா சேந்தேன். ஊர் ஊரா போயி பசியப் பத்திப் பேசுனேன், எல்லாரும் கை தட்டுனாங்க. மேடை ஏறும்போதெல்லாம் கூட்டத்துல ஒன் மூஞ்சத்தான் தேடுவேன். எங்கடா இருக்கான் அவன்னு. இன்னிக்கி நீயா வந்து என் எதுர்ல உக்காந்துகினு இருக்க. எனக்கு எவ்ளோ சந்தோஷமா இருக்கு தெரியுமா?

— புரியுது மேடம். நான் கெளம்பறேன்.

— உக்காரு. எழுந்துக்கச் சொன்னனா?

— இனிமே என்ன மேடம் இருக்கு?

— நீ செலக்டு.

— மேடம்?

— காது கேக்கலியா? எடுத்தாச்சு. மத்த ரெண்டு பேருக்கும் ஒன்ன ரொம்பப் புடிச்சிருக்கு. நான் தள்ளிவுட்டா நீ மெட்ராஸ் பக்கம் போயி எதுனா வேல தேடிக்கினு நிம்மதியா இருப்ப. அப்பிடி வுட்ருவனா ஒன்ன?

— உங்களுக்குப் பெரிய மனசு மேடம்.

— மனசும் இல்ல, ஒண்ணும் இல்ல. விதி தெரியுமில்ல? மொத வருஷம் கூலி வேல செய்யறவங்க வூட்லதான் தங்கணும். அவங்க துன்றதத்தான் துன்னணும், அவங்க பட்டினி கெடந்தா நீயும் கெடக்கணும். வெளிய வாங்கித் துன்னது தெரிஞ்சிது, அன்னியோட தீந்துது.

— இருக்கேன் மேடம். சத்தியமா இருக்கேன். எந்த ஊர்?

— தூரம் இல்ல, வடக்குத்து. அம்சவல்லின்னு ஒருத்தங்க. திங்கக்கெழம மத்தியானம் சாப்பாட்டுக்குப் போயிடணும். நல்லா ஆக்குவாங்க. வந்தவங்களுக்குப் போட்டுட்டுத்தான் அவங்க துன்னுவாங்க.

— நான் யாருன்னு அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா மேடம்?

— ஃபெல்லோ ஒருத்தர் வராருன்னு மட்டுந்தான் தெரியும். மிச்சத்த, எலையப் போட்டு சோறு வெச்சதும் நீயே சொல்லிடு. கை வெக்கறதுக்கு முன்னாடி சொல்லு. எங்கம்மாவுக்கு இப்பல்லாம் காது சரியா கேக்கறதில்ல, கொஞ்சம் சத்தமா சொல்லு.