ஐலா முத்துவேலாயுதம்

அமெரிக்காவில், பார்சிப்பனியில் ஒரு மகப்பேறு மருத்துவரின் காத்திருப்பறை. எனக்கு எதிரே நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி போனில் பெயர் தேடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கணவர். நான் பழைய பத்திரிகை ஒன்றைப் படிப்பதுபோல் பிடித்துக்கொண்டேன்.

“பொண்ணுக்கு ஐலான்னு வைக்கலாங்க.”

“அது எந்த ஊர் பேரு?”

“ஸ்காட்லாந்துல ஒரு தீவோட பேராம். இப்ப இங்க ரொம்ப பாப்புலர்.”

“ராமேஸ்வரமும் தீவுதான். அந்தத் தீவுல கோயில் ஏதாவது இருக்கா?”

“விஸ்கிதான் ஃபேமஸாம்.”

“எங்கப்பா அர்த்தம் கேட்டா நீயே எக்ஸ்பிளெயின் பண்ணிடு.”

“ஸ்கூல்ல டீச்சர் முழிக்காம ஒரே தடவைல கூப்பிடுவாங்க. நாம படற பாடு அவளுக்கு வேணாங்க.”

“சரி, லாஸ்ட் நேம்?”

“நம்ம வழக்கம்தான். அப்பா பேரு.”

அவர் மனைவியின் போனை எட்டிப் பார்த்தார். பிறகு, “ஐலா முத்துவேலாயுதம்” என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். “கேக்க நல்லாத்தான் இருக்கு.”

உள்கதவு திறந்தது. நர்ஸ் வெளியே வந்து கையிலிருந்த தாளைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். தாளை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

“எழுந்திரிங்க” என்றாள் மனைவி. “நம்மளத்தான் கூப்பிடறாங்க.”